மென்பவளத்தில் மறைந்து வாழும் கடல் நத்தைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மென்பவளத்தின் மேல் குடியிருந்து, அதையே தின்று, அதைப் போலவே தோற்றம் காட்டும் ஓடில்லாக் கடல் நத்தைகள் உண்டு. முக்குளிப்பவர்களும், நீருக்கடியில் படமெடுப்பவர்களும், பவளத் தொட்டி வைத்திருப்பவர்களும் அவற்றைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். பவளத்தை அறியாமல் இந்த நத்தைகளை அறிய முடியாது. நிறம், உருவம், நஞ்சு, முட்டையிடும் இடம் என்று இவற்றிடம் இருப்பதில் பெரும்பகுதி இவை தின்னும் பவளத்தோடு கட்டுண்டது. அதனால் கீழே உள்ள பல பதில்கள் நத்தையைக் கேட்டால் பவளத்தைப் பற்றிப் பேசும்.

இவை கடல் அட்டைகளா?

இல்லை. கடல் அட்டை முட்தோலி; நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவு. இங்கே பேசப்படுபவை மெல்லுடலிகள். சங்கு, சிப்பி, கணவாய் ஆகியவற்றின் கூட்டம். முட்டையிலிருந்து வெளிவரும் லார்வாவுக்குச் சிறிய ஓடு இருக்கும். பவளத்தில் இறங்கி உருமாறும்போது அதை உதிர்த்துவிடும். இவற்றில் பெரும்பாலானவை நியூடிபிராங்க் வரிசையைச் சேர்ந்தவை. அந்த வரிசையில் 3,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. மென்பவளம் தின்பவை அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே.

ஒரு பவளம் மென்பவளம்தானா என்று கடலுக்குள் எப்படித் தெரிந்துகொள்வது?

பவளக் கூட்டத்தில் சிறு பூப் போல நிற்கும் ஒவ்வொரு தனி உயிரும் ஒரு பாலிப். ஒரு பாலிப்பை மட்டும் கவனித்து அதன் இழைகளை எண்ணுங்கள். எட்டு இழைகள் இருந்து, ஒவ்வொன்றின் இரு ஓரங்களிலும் இறகு போலச் சிறு கிளைகள் இருந்தால் அது எண்கதிர்ப் பவளம். மென்பவளங்கள், கடல் விசிறிகள், கடல் பேனாக்கள் எல்லாம் இதில் அடங்கும். கல்பவளத்தின் பாலிப்பில் இழைகள் ஆறு அல்லது ஆறின் மடங்கில் இருக்கும். ஓரக் கிளைகள் இருக்காது. மென்பவளத்துக்குக் கல் போன்ற எலும்புக்கூடு கிடையாது. சதைக்குள் ஸ்கிளீரைட் எனப்படும் நுண்ணிய சுண்ணாம்புத் துண்டுகள் சிதறிக் கிடக்கும். டூபிபோரா மியூசிக்கா என்னும் சிவப்புக் குழாய்ப் பவளம் இதற்கு விதிவிலக்கு. கெட்டியான குழாய்களைக் கட்டினாலும் இழைகள் எட்டுதான். ஃபில்லோடெஸ்மியம் கோல்மனி என்ற நத்தை வாழ்வது அதன் மேல்தான்.

எட்டு என்ற இந்த எண்ணை நினைவில் வையுங்கள். நத்தையைத் தேடும்போது இதுதான் முதல் கருவி.

எந்த நத்தை எந்தப் பவளத்தில் இருக்கும்?

மென்பவளத்தோடு மிக நெருங்கிப் பிணைந்த பேரினம் ஃபில்லோடெஸ்மியம். விலங்கியலாளர் ஏரன்பெர்க் 1831-இல் செங்கடலிலிருந்து இதை விவரித்தார். இப்போது ஏறக்குறைய 30 சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. இவற்றின் முதுகில் விரல் விரலாக நிற்கும் நீட்சிகளுக்கு செராட்டா என்று பெயர். ஒவ்வொரு நீட்சிக்குள்ளும் செரிமானச் சுரப்பியின் ஒரு கிளை ஓடுகிறது. நாம் வெளியிலிருந்து காணும் நிறத்தில் பெரும்பங்கு அந்தக் கிளைக்குள் இருக்கும் உணவின் நிறம்தான்.

இவற்றில் ஸீனியா குடும்பப் பவளங்களைத் தின்பவை உருமறைப்பில் முதலிடம் பெறும். செங்கடலின் ஃபில்லோடெஸ்மியம் ஹையாலினம், 2004-இல் இந்தோனேசியாவிலிருந்து விவரிக்கப்பட்ட ஃபி. ஜேகோப்சேனே, 2006-இல் பெயர் பெற்ற ஃபி. ருட்மனி ஆகியவை இந்தக் கூட்டம். சார்கோஃபைட்டான் என்னும் தோல்பவளத்தில் ஃபி. லாங்கிசிர்ரம் இருக்கும். இந்தப் பேரினத்தின் பெரிய உருவங்களில் அது ஒன்று. பத்து சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். பிரியேரியம் பவளத்தில் ஃபி. பிரியேரியம், சினுலேரியாவில் ஃபி. குவாமென்சிஸ், குழாய் போலக் கிளைக்கும் கரிஜோவாவில் ஃபி. பொயிண்டிமி. பல பெயர்கள் பவளத்தின் பெயரையோ இடத்தின் பெயரையோ ஏந்தி நிற்பதால் பட்டியலை மனப்பாடம் செய்வது அவ்வளவு கடினமில்லை.

அடுத்தது ட்ரைட்டோனியா குடும்பம். இவற்றுக்கு விரல் போன்ற செராட்டா இல்லை. முதுகின் இரு ஓரங்களிலும் கிளைத்த செவுள் கொத்துகள் வரிசையாக நிற்கும். வடகிழக்கு அட்லாண்டிக்கில் ட்ரைட்டோனியா ஹோம்பெர்கி, அல்சியோனியம் டிஜிடேட்டம் என்ற குளிர்நீர் மென்பவளத்தைத் தின்று 20 சென்டிமீட்டர் வரை வளர்கிறது. கரீபியனின் ட்ரைட்டோனியா ஹாம்னெரோரம் ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ளது. ஊதா நிறக் கடல் விசிறியில் அதே நிறத்தில், கோடுகளோடு கிடக்கும். இந்தோ-பசிபிக்கில் ட்ரைட்டோனியோப்சிஸ் எலிகன்ஸ் வெள்ளையாகவோ ஆரஞ்சு நிறமாகவோ இருக்கும். பவளத் தொட்டிகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைபவற்றில் இதற்கு முக்கிய இடம் உண்டு.

உருமறைப்பு எப்படி அமைகிறது?

நிறம் அதில் ஒரு பகுதி மட்டுமே. ஃபி. ஜேகோப்சேனேயின் செராட்டா ஒவ்வொன்றிலும், நுனியை ஒட்டி, வரிசை வரிசையாகச் சிறு முண்டுகள் துருத்தி நிற்கும். தொலைவிலிருந்து பார்த்தால் அவை ஸீனியா இழைகளின் ஓரக் கிளைகளாகவே தெரியும். ஃபி. ருட்மனியில் செராட்டாவின் நுனி உப்பி, பள்ளங்கள் விழுந்து, பாதி மூடிய பாலிப்பைப் போல் நிற்கிறது. பவளப் பாலிப் விரிந்தும் மூடியும் மாறி மாறித் தோன்றும். இரண்டு நிலைகளுக்கும் இரண்டு சிற்றினங்களில் போலி இருப்பது உண்மையிலேயே வியக்க வைக்கிறது.

மேற்பரப்பும் கணக்கில் வருகிறது. கடல் விசிறியில் வாழ்பவை உடலைத் தட்டையாக, நீளமாக வைத்துக் கிளையோடு ஒட்டிக்கொள்ளும். தோல்பவளத்தில் வாழ்பவை அடித்தண்டின் மடிப்புக்குள் உடலை நுழைத்துக்கொள்ளும். நடத்தையும் துணை நிற்கிறது: பகலில் அசையாமல் இருந்துவிட்டு இருட்டிய பின் மேயத் தொடங்குபவை பல.

ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். நத்தை பவளத்தைப் பார்த்துத் தன் நிறத்தை மாற்றிக்கொள்வதில்லை. அதன் கண்கள் தோலுக்கு அடியில் புதைந்த இரு புள்ளிகள். வெளிச்சம், இருள் ஆகியவற்றைத் தாண்டி எதையும் பிரித்தறியாது. பவளத்தைக் கண்டுபிடிப்பது தலையில் உள்ள ரைனோஃபோர் என்னும் இரு மோப்பக் கொம்புகளால்தான். நிறம் பெரும்பாலும் உணவிலிருந்து வருகிறது. உருவம், மீன்களின் கண்ணுக்குத் தப்பியவை மட்டும் பெருகிப் பெருகித் தலைமுறைகளில் வார்க்கப்பட்டது.

பவளத்தின் கொட்டும் செல்களைத் திருடித் தனக்கு ஆயுதமாக வைத்துக்கொள்ளுமா?

நெருங்கிய உறவினர்கள் அப்படிச் செய்கிறார்கள். ஹைட்ராய்டு என்னும் கொட்டும் சிறு கடலுயிர்களைத் தின்னும், செராட்டா உள்ள இயோலிட் நத்தைகள் கொட்டும் செல்களை வெடிக்காமல் விழுங்கி, செராட்டாவின் நுனியில் உள்ள பைகளில் சேர்த்து வைக்கும். ஃபில்லோடெஸ்மியம் அந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டது. அதன் பைகளில் கொட்டும் செல்கள் இருப்பதில்லை. மென்பவளத்தின் கொட்டும் செல்கள் சிறியவை, வலுவற்றவை. மென்பவளம் தன்னைக் காத்துக்கொள்ள நம்புவது டெர்பீன் வகை வேதிப்பொருள்களைத்தான். நத்தையும் அதையே எடுத்துக்கொள்கிறது.

இதற்கு நல்ல சான்று குவாம் தீவில் நடந்த ஆய்வு, 1998-இல் வெளிவந்தது. சினுலேரியா மேக்சிமாவைத் தின்னும் ஃபி. குவாமென்சிஸ், அதிலுள்ள டைடெர்பீன் என்னும் டெர்பீன் வகைப் பொருள் ஒன்றைச் செராட்டாவில் சேர்த்து வைக்கிறது. அந்தப் பொருள் கலந்த தீனியைப் பேத்தை மீன்கள் தவிர்த்தன. மீன் முதலில் கடிக்கும் பகுதியில்தான் நஞ்சு குவிந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அதையும் மீறிக் கடித்தால் செராட்டா உடைந்து விழும். விழுந்தது சிறிது நேரம் பிசுபிசுத்தபடி நெளிந்துகொண்டிருக்கும்; அதற்குள் நத்தை நகர்ந்துவிடும். இழந்த செராட்டா பின்னர் முளைக்கும்.

சூரிய ஒளியில் வாழும் நத்தை என்கிறார்களே, அது உண்மையா?

சிலவற்றுக்கு உண்மை. பல மென்பவளங்களின் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசி வாழ்ந்து ஒளிச்சேர்க்கை செய்கிறது. அந்தப் பவளத்தைத் தின்னும்போது சில ஃபில்லோடெஸ்மியம் சிற்றினங்கள் பாசியைச் செரிக்காமல், செரிமானச் சுரப்பியின் கிளைகளில் உயிரோடு குடிவைக்கின்றன. ஃபி. லாங்கிசிர்ரமின் அகன்ற செராட்டாவில் தெரியும் பழுப்பு நிறத் திட்டுகள் அந்தப் பாசிக் கூட்டங்களே. பாசி அங்கே தொடர்ந்து ஒளிச்சேர்க்கை செய்வதைக் கருவிகளால் அளந்து உறுதிசெய்திருக்கிறார்கள்.

இந்தத் திறன் பேரினம் முழுவதும் ஒரே அளவில் இல்லை. சுரப்பி எவ்வளவு நுணுக்கமாகக் கிளைக்கிறதோ அவ்வளவு பாசிக்கு இடம் கிடைக்கும். கரிஜோவா போன்ற பாசியில்லாப் பவளத்தைத் தின்னும் ஃபி. பொயிண்டிமியிடம் இந்த ஏற்பாடே கிடையாது. இலை நத்தை என்று பரவலாகப் படம் வரும் எலிசியாவோடு இதைக் குழப்ப வேண்டாம். எலிசியா பாசியின் பச்சையத்துகள்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஃபில்லோடெஸ்மியம் முழுப் பாசிச் செல்லையே வைத்துக்கொள்கிறது.

கடலுக்குள் இவற்றைக் கண்டுபிடிப்பது எப்படி?

அவசரப்படாமல், ஒரே பவளக் கூட்டத்தில் ஐந்து நிமிடமாவது நிற்க வேண்டும். ஐம்பது பவளங்களை ஓடிப் பார்ப்பதைவிட ஐந்தை ஊன்றிப் பார்ப்பவருக்கே நத்தை அகப்படும்.

முதலில் ஒரு கை நீட்டும் தொலைவிலிருந்து முழுப் பவளத்தையும் பாருங்கள். எல்லாப் பாலிப்புகளும் விரிந்திருக்க, ஒரு திட்டில் மட்டும் மூடியோ மொட்டையாகவோ இருந்தால் அதுதான் தொடங்க வேண்டிய இடம். நத்தை மேய்ந்த பகுதி வழவழப்பாக, வெளிறித் தெரியும். மேய்ந்த தடத்தின் ஓரத்தில், பாலிப் இன்னும் மீந்திருக்கும் எல்லையில், நத்தை இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து முட்டை நாடா. பவளத்தின் தண்டிலோ ஒட்டிய பாறையிலோ சுருளாகவோ வளைந்து நெளிந்தோ வெள்ளை நாடா ஒட்டியிருந்தால் ஓரிரு அடிக்குள் தேடுங்கள். பெரும்பாலும் கண்ணில் முதலில் படுவது முட்டைதான், நத்தை அல்ல.

பிறகு நெருங்கி உருவத்தைச் சோதியுங்கள். பாலிப் எனில் எட்டு இழைகளும் நடுவே வாயும் இருக்கும். செராட்டா எனில் நுனி மூடியிருக்கும், வாய் இருக்காது. பாலிப்புகள் பரப்பெங்கும் பரவி நிற்கும். செராட்டா உடலின் இருபுறமும் வரிசைகளாக நிற்க, நடுவே முதுகில் ஒரு வெற்றுப் பட்டை ஓடும். அந்தப் பட்டையைத் தொடர்ந்தால் ஒரு முனையில் இரு ரைனோஃபோர்களும், அவற்றுக்கு முன்னால் நீண்ட இரு வாய் உணர்கொம்புகளும் தெரியும். அவை கிடைத்துவிட்டால் ஐயம் தீர்ந்தது.

ஸீனியாவுக்கும் ஹெட்டெரோஸீனியாவுக்கும் தனிக் குறிப்பு ஒன்று: இவற்றில் பல, பாலிப்புகளை விரித்து மூடித் துடித்துக்கொண்டே இருக்கும். நத்தையின் செராட்டா துடிக்காது. நீரோட்டத்தோடு அசையும், அவ்வளவுதான். துடிக்கும் கூட்டத்தின் நடுவே துடிக்காத ஒரு கொத்து இருந்தால் அங்கே உற்றுப் பாருங்கள்.

பவளத்தின் அருகே கையால் மெல்ல நீரை அசைத்தால் சார்கோஃபைட்டான், சினுலேரியா போன்றவற்றின் பாலிப்புகள் உள்ளிழுத்துக்கொள்ளும். நத்தை மட்டும் மேலே நிற்கும். ஸீனியாவில் இந்தச் சோதனை உதவாது, அதன் பாலிப்புகள் உள்ளே இழுத்துக்கொள்வதில்லை. எங்கேயும் ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். மூடிய பாலிப் உணவு பிடிக்காது. பவளம் அந்த நேரத்தை இழக்கிறது.

பவளத்தின் அடித்தண்டையும் அதன் தலையின் அடிப்பகுதியையும் விடாமல் பாருங்கள். பலர் மேற்பரப்பை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போய்விடுகிறார்கள். டார்ச் வெளிச்சத்தை நேராகப் பாய்ச்சாமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் உடலின் நிழல் விழுந்து விளிம்பு தெரியும்.

பவளத்தில் இருப்பது நத்தைதானா, வேறு ஏதாவதா?

முட்டைச் சோழி எனப்படும் ஓவுலிட் நத்தைகளும் மென்பவளத்தையும் கடல் விசிறியையும் தின்பவை. அவற்றின் மேலங்கி பவளப் புள்ளிகளோடு ஓட்டின் மேல் மூடியிருக்கும். அங்கி விலகினால் பளபளக்கும் ஓடு தெரியும். தட்டைப்புழு காகிதம் போல் மெல்லியதாக இருக்கும். தனியாக நிற்கும் செவுள் கொத்தோ செராட்டாவோ அதற்கு இல்லை.

படமெடுக்க என்ன அமைப்பு நல்லது?

100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் இருந்தால் எஃப்/16 முதல் எஃப்/22, 1/200 நொடி, ஐ.எஸ்.ஓ. 100–200 என்று தொடங்குங்கள். சிறிய சென்சார் உள்ள கையடக்கக் கேமராவுக்கு எஃப்/8 போதும்; அதற்கு மேல் துளையைச் சுருக்கினால் படம் மங்கும். ஸ்ட்ரோப் எனப்படும் மின்னொளி விளக்குகள் இரண்டையும் சம அளவில் முன்னால் வைத்தால் நத்தையும் பவளமும் ஒரே பரப்பாகக் கலந்துவிடும். உருமறைப்பு படத்திலும் வெற்றி பெற்றுவிடும். ஒன்றைப் பக்கவாட்டில் வைத்து, மற்றதைக் கால் பங்கு வலிமைக்குக் குறையுங்கள்.

சிற்றினத்தை அடையாளம் காண ஒரு அழகான படம் போதாது. முழுப் பவளம், விரிந்த பாலிப்பின் நெருங்கிய படம், நத்தையை மேலிருந்து, பக்கத்திலிருந்து, ரைனோஃபோர்களின் நெருங்கிய படம், முட்டை இருந்தால் அதுவும். இவற்றில் அதிகம் விட்டுப்போவது பாலிப் படம். அது இல்லாவிட்டால் பவளம் எதுவென்று சொல்ல முடியாது. பவளம் தெரியாவிட்டால் நத்தையின் பெயரும் பல நேரம் ஐயத்திலேயே நின்றுவிடும்.

நத்தையை வெற்று மணலுக்கு நகர்த்திப் படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். செராட்டா உதிரும். திரும்பப் பவளத்தை அடையும் வரை அதை மறைக்க எதுவும் இல்லை.

இனப்பெருக்கம் எப்படி?

ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமான இருபாலுயிரி. இனப்பெருக்கத் துளை உடலின் வலப்புறம் இருப்பதால் இரண்டு நத்தைகள் எதிரெதிர்த் திசையில் தலை வைத்து வலப்புறத்தை ஒட்டி நிற்கும். இரண்டும் முட்டையிடும். வெப்பக் கடலில் முட்டை பொரிய ஒரு வாரம் முன்பின் ஆகும்; நீர் குளிர்ந்தால் நாள் கூடும். வெளிவரும் வெலிஜர் லார்வா நீரில் மிதந்து திரிந்து, பொருத்தமான இடத்தில் இறங்கி உருமாறும். கல்பவளம் தின்னும் ஃபெஸ்டில்லாவில், இரைப் பவளம் நீரில் கசியவிடும் வேதிப்பொருளே லார்வாவுக்கு இறங்கச் சொல்லும் அடையாளம் என்று விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆயுள் குறுகியது. வெப்பமண்டலச் சிறு இனங்களுக்குச் சில மாதங்கள்; பெரும்பாலானவை ஓராண்டைத் தாண்டுவதில்லை.

இவை பவளத்தை அழித்துவிடுமா?

கடலில் அப்படி நடப்பது அரிது. மென்பவளம் ஒரு பக்கம் மேயப்பட்டாலும் மறுபக்கத்திலிருந்து வளர்ந்து மூடிக்கொள்ளும். நத்தைகளையும் அவற்றின் லார்வாக்களையும் தின்ன ஆள் உண்டு.

நத்தையின் மேய்ச்சலை நன்மைக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியும் எழுந்தது. கரிஜோவா ரீசி என்ற மென்பவளம் 1972-இல் ஹவாயின் பேர்ல் ஹார்பரில் முதலில் பதிவானது. பின்னர் ஆழத்தில் உள்ள கரும்பவளங்களின் மேல் படர்ந்து அவற்றை மூடத் தொடங்கியது. அதையே விரும்பித் தின்னும் ஃபி. பொயிண்டிமி ஹவாயிலேயே இருப்பது தெரிந்ததும், கட்டுப்படுத்த உதவுமா என்று ஆராய்ந்தார்கள். இங்கே தடையாக நிற்பது உருவ அளவும் எண்ணிக்கையும். சிறு நத்தை மெல்ல மேயும். பவளம் வேகமாகக் கிளைக்கும்.

தொட்டியில் என் தோல்பவளம் பல நாளாகத் திறக்கவில்லை. நத்தையா?

உடனே மருந்தில் முக்காதீர்கள். சார்கோஃபைட்டான் அவ்வப்போது பாலிப்புகளை மூடி, மேலே மெழுகு போன்ற படலத்தை உருவாக்கி, சில நாள்களில் உரித்துப் போடும். சில நேரம் இது இரண்டு வாரம் வரை நீளும். அப்போது தலை முழுவதும் ஒரே சீராக மூடி மினுமினுக்கும். அந்தப் படலம் உரிய நல்ல நீரோட்டம் மட்டும் கொடுத்தால் போதும்.

நத்தை எனில் சேதம் திட்டுத்திட்டாக இருக்கும். ஒரு பக்கம் விரிந்தும் ஒரு பக்கம் மொட்டையாகவும் நிற்கும். தண்டில் குழி விழும், முட்டை நாடா தெரியும். ஐயமிருந்தால் விளக்கு அணைந்து ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச்சோடு பாருங்கள். வெள்ளை வெளிச்சத்தில் பல நத்தைகள் மடிப்புக்குள் ஒளிந்துவிடும். இவற்றோடு உப்பளவையும் வெப்பத்தையும் அளந்துவிடுங்கள்; 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), 24–26 டிகிரி செல்சியஸ் என்ற இடத்திலிருந்து நகர்ந்திருந்தாலும் பவளம் மூடும்.

நத்தை உறுதியானால் எப்படி அகற்றுவது?

கையுறையும் கண் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். அதே பாறையில் ஸோவாந்திட் என்னும் பொத்தான் போன்ற பாலிப் கூட்டம் இருந்தால் அதன் நஞ்சு கொடியது.

1. தொட்டி நீரையே இரண்டு பாத்திரங்களில் இரண்டிரண்டு லிட்டர் எடுங்கள். ஒன்று மருந்துக்கு, ஒன்று கழுவ.
2. கண்ணில் படும் நத்தைகளை மழுங்கிய இடுக்கியாலோ அகன்ற வாய் பிப்பெட்டாலோ முதலில் எடுத்துவிடுங்கள். உடைந்து விழும் செராட்டாவையும் உறிஞ்சி எடுங்கள். அதில்தான் நஞ்சு அதிகம்.
3. மென்பவளத்துக்கு ஏற்ற அயோடின் மருந்தை அதன் சீட்டில் உள்ள அளவுப்படி கலந்து, பவளத்தை 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். அந்த நேரம் முழுவதும் பிப்பெட்டால் மடிப்புகளுக்குள் நீரைப் பீய்ச்சிக்கொண்டிருங்கள். நத்தையைப் பிரித்தெடுப்பதில் பாதி வேலையை இந்தப் பீய்ச்சல்தான் செய்கிறது.
4. முட்டை நாடாவைச் சுரண்டி எடுங்கள். மருந்து முட்டையின் கூழுறைக்குள் போகாது. முட்டை விட்டுப்போனதால்தான் பலருக்குச் சிகிச்சை தோற்கிறது. பவளம் ஒட்டியிருக்கும் பாறையின் அடிப்பக்கத்தையும் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். முடிந்தால் பாறையையே மாற்றுங்கள்.
5. இரண்டாவது பாத்திரத்தில் நன்றாக அலசி, தனித் தொட்டியில் வையுங்கள். மருந்து நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.
6. 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை, குறைந்தது நான்கு வாரம் திரும்பச் செய்யுங்கள். பொரிந்து வரும் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும் முன் பிடிக்க வேண்டும் என்பதே இந்த இடைவெளிக்குக் காரணம்.

கையாளும்போது மென்பவளம் சளியையும் டெர்பீன்களையும் கக்கும். பெரிய தொட்டியில் புதிய கரித்தூள் வடிகட்டி போட்டுவையுங்கள். இல்லாவிட்டால் பக்கத்திலுள்ள கல்பவளங்கள் சுருங்கும். ஸீனியா மருந்துக் குளியலை எளிதில் தாங்காது. அதற்கு நேரத்தைப் பாதியாக்குங்கள், அல்லது ஒவ்வொரு இரவும் கையால் பொறுக்குங்கள். நன்னீரில் முக்கும் முறையை மென்பவளத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. திசு நீரை உறிஞ்சி உப்பிச் சிதையும்.

புதிதாக வாங்கும் எந்த மென்பவளத்தையும் 4 முதல் 6 வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டால் மேற்கண்ட வேலை முழுவதும் மிச்சம்.

நத்தையைத் தின்ன மீன் விடலாமா?

ஆறுகோட்டு ராஸ் போன்ற சிறு ராஸ் மீன்கள் குஞ்சு நத்தைகளையும் தட்டைப்புழுக்களையும் கொத்தும். வளர்ந்த நத்தையை, அதிலுள்ள டெர்பீன் காரணமாக, சுவைத்துத் துப்பிவிடக்கூடும். துணையாக மட்டும் நம்புங்கள்.

அழகாக இருக்கிறதே, வாங்கி வளர்க்கலாமா?

வேண்டாம். உணவுப் பவளம் எதுவென்று தெரியாமல் விற்கப்படும் நத்தை, அந்தப் பவளம் இல்லாத தொட்டியில் நாளுக்கு நாள் சுருங்கிச் சாகும். பசியால் உடல் சிறுத்துக்கொண்டே போவதைப் பலர் ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று எண்ணிக் கவனிப்பதில்லை. உடலில் பாசி வைத்திருக்கும் இனங்கள் இன்னும் சில காலம் தாங்கும், அதுவும் முடிவைத் தள்ளிப்போடுவதே. சரியான பவளமே இருந்தாலும் ஒரு பெரிய ஃபில்லோடெஸ்மியம் தொட்டிப் பவளத்தைத் தின்று தீர்க்கும். கடலில் போல அடுத்த கூட்டத்துக்குப் போக அங்கே இடமில்லை. நீரேற்றியின் உறிஞ்சுவாயில் சிக்கி நசுங்குவதும் வழக்கமாக நேரும் சாவு.

தொட்டால் கொட்டுமா?

மென்பவளம் தின்பவை கொட்டுவதில்லை. தொடாதிருக்க வேண்டியது நம் பாதுகாப்புக்காக அல்ல, அதன் பாதுகாப்புக்காக.

ஆய்வுக்கு மாதிரி எடுக்க வேண்டியிருந்தால்?

அந்தக் கடற்பகுதிக்கு உரிய அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. அனுமதி இருந்தால், உயிரோடு இருக்கும்போதே எல்லாக் கோணங்களிலும் படமெடுங்கள். சாராயத்தில் நிறம் சில நாளில் போய்விடும், செராட்டா உதிர்ந்து கலந்துவிடும். நேராகச் சாராயத்தில் போட்டால் உடல் முறுக்கிச் சுருங்கி உள்ளுறுப்பு எதையும் பார்க்க முடியாது. மக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 75 கிராமை நன்னீரில் கரைத்து ஒரு லிட்டராக்குங்கள். அதையும் கடல் நீரையும் சம அளவில் கலந்து நத்தையை அதில் விடுங்கள். தொட்டாலும் அசையாத நிலை வந்த பின், டிஎன்ஏ ஆய்வுக்கு 95% எத்தனாலுக்கு மாற்றுங்கள்.

கூடவே பவளத்தின் ஒரு சென்டிமீட்டர் துண்டு இரண்டு வேண்டும்: ஒன்று மேற்பரப்பிலிருந்து, ஒன்று அடித்தண்டிலிருந்து. இரண்டு இடங்களிலும் ஸ்கிளீரைட்டுகளின் வடிவம் வேறுபடும். பவளத்தை அடையாளம் காண இரண்டும் தேவைப்படும். துண்டுகளை 70% எத்தனாலில் வையுங்கள். ஃபார்மலின் புளித்து அமிலமாகி ஸ்கிளீரைட்டைக் கரைத்துவிடும். பின்னர் சோடியம் ஹைப்போகுளோரைட் வெளுப்பான் சில துளிகள் விட்டால் சதை கரைந்து ஸ்கிளீரைட்டுகள் மட்டும் அடியில் தங்கும்; நீரால் பலமுறை அலசி நுண்ணோக்கியில் பார்க்கலாம். நத்தைக் குப்பியிலும் பவளக் குப்பிகளிலும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளே போடுங்கள். பேனா மை சாராயத்தில் கரையும்.